கம்பிக்குக் கீழே மரம் வளர்ப்பவர்

வாய் நிறையப் பற்பசை நுரையோடு அண்ணாந்து நின்று, "என்னடா ராஜா, ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்று மரத்தை விசாரிக்கிறார். மரம் பதில் சொல்வதில்லை. அதன் உச்சியை உரசிக்கொண்டு ஓடும் மின்கம்பிதான் 'உய்ய்' என்கிறது. மரமே பேசியதாக எடுத்துக்கொண்டு வாய் கொப்பளிக்கப் போகிறார்.

தெருவில் அவருக்கு மரத்துக்காரர் என்று பெயர். கேலியாகக் கொடுத்த பட்டத்தை அவர் விருதாக வாங்கிக்கொண்டார். வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் காலி இடம் இருக்க, நட்டது என்னவோ வாசலில், கம்பிக்கு நேர் கீழே. "அந்த இடம் சும்மாத்தானே கிடந்துச்சு?" என்பது அவர் வாதம். இது ரொம்ப உயரம் போகிற ஜாதி என்று நர்சரிக்காரரே தயங்கியபோது, "வளர்ந்தா பாத்துக்கலாம்" என்றாராம். வளர்ந்துவிட்டது. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கிளை வெட்ட வரும் மின் அலுவலக வண்டி தெருமுனையில் திரும்பும்போதே ஓடிப்போய் அடிமரத்தைக் கட்டிக்கொள்வார். தன்னை ஒருநாளும் அப்படி அணைத்ததில்லை என்பது அவர் மனைவி தரும் தகவல்.

"ஒரு இலை விழுந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்!"

"சார், காத்தடிச்சா கிளை கம்பில படும். அப்புறம் மரத்தைத் தொட்டாலே ஷாக்குதான்" என்று லைன்மேன் கெஞ்சுவார்.

"எனக்கே கரண்டு சொல்லித் தர்றியா? வீட்டு ஃபேன் எல்லாம் நானே மாட்டினது, தெரியுமா?"

உள்ளே இருந்து மனைவியின் குரல் வரும்: "ஒண்ணுகூடச் சுத்தலப்பா!"

வண்டி திரும்பிப் போய்விடும். மரத்துக்காரர் இயற்கையைக் காப்பாற்றிய களைப்பில் சாய்வு நாற்காலியில் விழுவார்.

சென்ற வாரம் மழை விட்ட ஒரு காலையில், கிளை நுனியில் பொறி பறப்பதை மனைவி பார்த்துவிட்டார். மரத்துக்காரர் மனம் இறங்கினார். ஆனால் அடுத்தவன் கை பட்டால் மரத்துக்கு வலிக்குமாம். நீளமான இரும்புக் குழாயின் நுனியில் அரிவாளைக் கட்டினார். ஈரத் தரையில் ஸ்டூலைப் போட்டார்.

"ஏங்க, அவங்களையே கூப்பிடுங்களேன். லைனை ஆஃப் பண்ணிட்டு வெட்டுவாங்க."

"எதுக்கு? ரப்பர் செருப்பு போட்டிருக்கேன்ல? கரண்டு கிட்டயே வராது."

"அதுல வார் அறுந்துபோய் ஊக்கு குத்தி வச்சிருக்கீங்க!"

"நொய் நொய்னு பேசாம ஸ்டூலைப் பிடி."

ஸ்டூலில் ஏறிக் குழாயைத் தூக்கினார். அந்த அம்மாள் ஸ்டூலைப் பிடிக்கவில்லை. சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து ஒரே இழுப்பு. குழாய் ஒரு பக்கம், மரத்துக்காரர் ஒரு பக்கம் சேற்றில். "புருஷன்னு ஒரு மரியாதை..." என்று அவர் ஆரம்பித்த வாக்கியம் முடியுமுன் காற்று அடித்தது. கிளை கம்பியில் சாய்ந்தது. பட்டென்று ஒரு நீல வெளிச்சம். இலைகள் கருகி உதிர்ந்தன. கம்பத்தின் உச்சியில் ஏதோ வெடிக்க, தெரு முழுக்கக் கரண்டு போனது. வாக்கியத்தை அவர் இன்னும் முடிக்கவில்லை.

மனைவி அவரைத் தரதரவென்று தெருவின் மறுபக்கம் இழுத்துப்போனார். இரண்டு கைகளையும் விரித்து நின்று, "யாரும் கிட்ட வராதீங்க! கம்பி அறுந்தாலும் அறுந்திடும்!" என்று கூடிய கூட்டத்தை விரட்டினார். லைன்மேனுக்குப் போன் போட்டதும் அவர்தான்.

வண்டி வந்தது. லைனை அணைத்து, கம்பியில் கரண்டு இல்லை என்று சோதித்துப் பார்த்த பிறகே ரம்பம் மேலே போனது. கட்டிப்பிடிக்க இந்த முறை யாரும் ஓடவில்லை. "சார், ஒரு வண்டி இலை விழுது, பரவாயில்லையா?" என்று லைன்மேன் மேலிருந்து கேட்டார். மரத்துக்காரர் எதிர்வீட்டுக் கேட்டுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

கூட வந்திருந்த பெண் அதிகாரி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "யார் மரம்ங்க இது?"

மரத்துக்காரர் முழங்கைச் சேற்றைத் துடைத்துக்கொண்டே, மனைவி நின்ற பக்கமாக விரலை நீட்டினார்.