நொட்டாங்கையின் ஒற்றை விரல்

இஸ்திரியம்மாவிடம் வம்பு வளர்க்கத் தெருவில் யாருக்கும் தைரியம் கிடையாது. கையில் எப்போதும் சூடான இஸ்திரிப் பெட்டி. வாயில் அதைவிடச் சூடு. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகக் கடையை நடத்தி, ஒரே மகனை ஆளாக்கியவள். அந்த மகனுக்கு எல்லாமே இடது கை. தெருவே அவனை நொட்டாங்கை என்றுதான் கூப்பிடும். வலது கையால் எழுதச் சொல்லி வாத்தியார் அடித்தபோது, இவள் பள்ளிக்கூடத்துக்கே போய், "சோறு போடுறவ நான். அவன் எந்தக் கையால எழுதுனா உங்களுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அப்புறம் வாத்தியார் அவன் மேல் கை வைக்கவில்லை.

கடையில் அவனுக்கு ஒரு வேலை உண்டு. கறுப்புத் துணியை மேல்பக்கம் தேய்த்தால் பளபளத்துப் போகும். அதனால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் தேய்க்க வேண்டும். ஊர்க்கதை பேசிக்கொண்டே இடது கையை உள்ளே விட்டு, ஒரே இழுப்பில் திருப்பி மேஜை மேல் போடுவான்.

சண்டை மூண்டது. அவனும் பட்டாளத்தில் சேர்ந்து போனான். பனி கொட்டும் எல்லையில் நிற்கிறானாம். அதைக் கேட்டதும் இவள் மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடிக்குப் போய்க் கம்பளி நூல் வாங்கிவந்தாள். தெருவில் இருந்த பெண்கள் அங்கேதான் கூடிப் பட்டாளத்துப் பிள்ளைகளுக்குக் கையுறை பின்னினார்கள். மேற்பார்வை மருந்துக்கடையம்மா. மகா கறார்.

கையுறைக்கு ஒரே மாதிரிதான். கட்டைவிரலுக்குத் தனி அறை, மற்ற விரல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பைக்குள். வலது கையில் மட்டும் ஆள்காட்டி விரல் தனியாக இருக்கும். துப்பாக்கி விசையை இழுக்க வேண்டுமே. இஸ்திரியம்மா கொண்டுவந்த முதல் ஜோடியில் அந்தத் தனி விரல் இடது கையில் இருந்தது.

"என்னங்க இது, கை மாறிப்போச்சே?" என்றாள் மருந்துக்கடையம்மா.

"மாறலை. என் பையன் இடது கையாலதான் சுடுவான்."

மாடியே சிரித்தது. பக்கத்தில் இருந்த தையல்காரி, "ஏன்க்கா, பட்டாளத்துல சேர்ந்தவன் வலது கையால சுடக் கத்துக்க மாட்டானா?" என்றாள்.

"திங்கவே கத்துக்கலை, சுடவா கத்துக்கப்போறான்!"

"உங்க பையனுக்குன்னு தனியாவா போகுது? எல்லாம் ஒரே மூட்டைல போகும். யார் கைக்குக் கிடைக்குமோ, யாருக்குத் தெரியும்?" என்றாள் மருந்துக்கடையம்மா.

"யார் யாருக்கோ கிடைக்குதுல்ல? ஒரு நாளைக்கு அவனுக்கும் கிடைக்காதா?"

"அதுவரைக்கும் இது கிடைச்ச மத்த பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க? அவங்க விரல் விறைச்சுப் போனா பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டே மருந்துக்கடையம்மா நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். கையுறை கண் முன்னாலேயே நூலாகிப் போனது.

வாழ்க்கையில் அது ஒன்றுதான் இஸ்திரியம்மா தோற்ற சண்டை. தோற்றதுகூடப் பெரிதில்லை, மருந்துக்கடையம்மா சொன்னதில் நியாயம் இருந்ததே, அதுதான் வயிற்றெரிச்சல். பெற்றவள் எல்லாரும் பெற்றவள்தானே?

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு வலது கைக்கே பின்னினாள். மாடியிலேயே அவள் பின்னல்தான் நெருக்கமானது என்று பேர். ஆனால் அந்தத் தனி விரலைத் தொடங்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் விரல் மூடுகிறோமே, நம் பிள்ளை வெறும் விரலை அந்தச் சில்லிட்ட இரும்பில் வைத்துக்கொண்டு நிற்பானே! குழாய்த் தண்ணீர் சில்லென்று பட்டாலே தன் இடது ஆள்காட்டி விரலை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொள்வாள். பார்த்தவர்கள் சூடு பட்டுக்கொண்டாள் என்று நினைத்தார்கள்.

பனி விடுவதற்கு முன்னால் சேதி வந்தது. அவன் இல்லை.

பின்னாலேயே அவன் சாமான் மூட்டையும் வந்தது. அதை இஸ்திரி மேஜை மேல்தான் பிரித்தார்கள். மாடிப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சட்டை, சவரக் கத்தி, ஒரு ஜோடி கையுறை. இஸ்திரியம்மா எதையும் தொடவில்லை.

கையுறைகளின் உள்பக்கம் வெளியே இருந்தது. பின்னலின் முடிச்சுகளும் நூல் நுனிகளும் வெளியே தெரிந்தன. மருந்துக்கடையம்மா, "கழட்டும்போது திரும்பிக்கிச்சு போல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒன்றை எடுத்து நேராக்கப் போனாள்.

"விடுங்க!"

இஸ்திரியம்மா அதைப் பிடுங்கிப் பார்த்தாள். அந்தத் தனி விரலில், முடிச்சு தெரிந்த பக்கத்தில்தான், துப்பாக்கி எண்ணெய்க் கறை ஏறியிருந்தது. உரசி உரசி நூல் பஞ்சாகியிருந்ததும் அங்கேதான். தன் இடது கையை உள்ளே விட்டாள். கட்டைவிரல் கட்டைவிரல் இடத்தில் உட்கார்ந்தது. ஆள்காட்டி விரல் நுனிவரைக்கும் போய் நின்றது.

"திருப்பிப் போட்டிருக்கான்" என்றாள். "திருப்பினா வலது இடதாயிடும்ல. படுபாவி, கடையில பண்ணின மாதிரியே திருப்பிப் போட்டுக்கிட்டிருக்கான்."

கையுறை போட்ட கையை எல்லாருக்கும் முன்னால் நீட்டினாள்.

"இத்தனை பேர் உக்காந்து பின்னினோமே, ஒருத்திக்காவது தோணுச்சா? பொழுது விடிஞ்சா பொழுது போனா துணியைத் திருப்புறவ நான், எனக்காவது தோணுச்சா?" சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குரல் உடைந்தது. "எந்த மகராசி பின்னினாளோ, அவ நல்லா இருக்கணும். குளிரலைங்க அவனுக்கு. விரல் குளிரலை."

மருந்துக்கடையம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அன்றைக்குக் கடையில் பெட்டிக்குக் கரி மூட்டவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போகும் வரைக்கும் இஸ்திரியம்மா இடது கையைக் கையுறையிலிருந்து எடுக்கவேயில்லை.