என் கணவரின் குறட்டை

நான் மேடையில் பலகுரல் செய்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் என் கணவர் மாரடைப்பில் போனதும் தெரியும்.

போன வாரம்தான் மறுபடி மேடையேறினேன். எப்போதும்போல அவருடைய குறட்டையைச் செய்துகாட்டினேன். கூட்டம் சிரித்தது.

இன்று நானும் மாமியாரும் திருநள்ளாற்றிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். எங்கள் தெருப் பெண் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"புருஷன் போன பொம்பள இப்படி ஊரைச் சிரிக்க வைக்கலாமாங்க?"

"எங்க குழுவுல ஒருத்தரு, பொண்டாட்டி காரியம் முடிஞ்ச வாரமே மேடையேறினாரு. துக்கத்தை அடக்கிக்கிட்டு சிரிக்க வைக்கிறாரேன்னு நீங்கதானே பாராட்டுனீங்க? எனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றேன்.

அவர் மாமியாரிடம் திரும்பினார். "நீங்களாவது சொல்லக் கூடாதாம்மா?"

மகனைப் பறிகொடுத்தவர். என்ன சொல்வாரோ என்று அத்தையைத் திரும்பிப் பார்த்தேன்.

அத்தை நிதானமாகச் சொன்னார்: "சொல்லத்தான் போறேன். எம் மவன் குறட்டையில நடுவுல ஒரு விசில் வரும். இவ அதை விட்டுட்டா."

முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அத்தையும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த மேடையிலும் என் கணவர் வருவார். ஆட்சேபம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். அத்தைக்கு வாசித்துக் காட்டுகிறேன்.