நாற்றம் நின்றுபோன சேறு

போன மே மாதம் தாராவியிலிருந்து சீத்தா கேம்ப் போனேன், எம்.எஸ்சி. ஆய்வுக்காக. அலையாத்தி மரங்களின் இலையையும் அவற்றின் வேரடி மண்ணையும் சேர்த்து எடுத்து வர வேண்டும். கேடு வந்தால் மண்ணின் நுண்ணுயிர்கள்தான் முதலில் மாறும். மரத்தில் அது தெரிய நாளாகும்.

காலை 7.10க்கு சயனில் ரயில். குர்லாவில் ஹார்பர் லைன் மாறி மான்கூர்ட், டிக்கெட் பத்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது. அம்மாவுடன் போனில் தமிழில் பேசியதைக் கேட்ட டிரைவர் என் ஐஸ் பெட்டியைப் பார்த்து, "காலங்காத்தால குல்ஃபியா?" என்றார்.

"மண்ணு எடுக்கண்ணே."

"மும்பைல மண்ணு வேற கெடக்கா?"

அம்மாவுடன் வேலை பார்க்கும் மெஹருன்னிஸா அக்காவின் வீடு கடைசிச் சந்தில்; அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். பின்சுவருக்கு அப்பால் கழிமுகச் சேறுதான்.

"முன்னாடி அழுகின முட்டை நாத்தம். அதான் சன்னலே வைக்கல" என்றார் லாத்தா. "ரெண்டு மாசமா ஒரு வாடையும் இல்ல. நாளைக்கு மிஸ்திரி வர்றாரு, சன்னல் வைக்க. மவளுக்கு எளைப்பு, காத்து வேணும்ல."

காற்றுப் புகாத ஈரச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் விடும் வாயுதான் அந்த நாற்றம். அது நின்றுவிட்டால் அவை செத்துவிட்டன என்று அர்த்தம்.

8.40க்கு இறங்கினேன். முழங்கால் வரை இழுக்க வேண்டிய சேற்றில் பாதம்கூடப் புதையவில்லை. நண்டு வளைகள் எல்லாம் திறந்து கிடந்தன; எதிலும் அசைவில்லை. மேலே இலைகள் மட்டும் பளபளவென்று பச்சை. விரல்போல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மூச்சுவேரைத் தொட்டேன். தோல் கையோடு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அறுபது அடி தள்ளி, யாரோ கொட்டிய கட்டட இடிபாடு மேடாகக் கடல் நீரை மறித்திருந்தது.

"சுத்தமாயிட்டுல்லா?" என்றார் லாத்தா, நான் வாசலுக்குத் திரும்பியதும்.

பொதுவாக நான் ஆய்வு முடிவு வரட்டும் என்று நழுவிவிடுவேன். உள்ளே மகள் இருமினாள்.

"கீழ சன்னல் வேண்டாம் லாத்தா. மண்ணு செத்துட்டு. மழைல அந்த மேடு ஒடைஞ்சா தண்ணி நேரா இங்கதான் வரும். தடுக்க மரம் இருக்காது."

"பச்சையாத்தான நிக்கி?"

"ஆமா. மரத்துக்கு இன்னும் தெரியல."

லாத்தா மிஸ்திரிக்குப் போன் போட்டு, சன்னலைக் கூரையை ஒட்டி வைக்கச் சொன்னார். "தண்ணி எம்புட்டு ஒசரம் வரும்?" என்று என்னைக் கேட்டார்.

மண் எடுக்கப் போகிறவர்களுக்கு: வனத்துறை அனுமதிக் கடிதம், ரப்பர் பூட்ஸ், கூட ஒரு ஆள். நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குங்கள். இரண்டு மணி நேரம் போதும். சேறு நாறினால் வேலையைப் பாருங்கள். நாறவில்லை என்றால், கிளம்பும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள்.