கௌசல்யாவும் அவள் ஊர்ப் பற்களும்

செய்தி வந்தபோது சேலத்தில் என் கிளினிக்கில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு லேசர் முறையில் பல் வெளுப்பு செய்துகொண்டிருந்தேன். ஈறுகளை மூடி, பற்களில் ஜெல் தடவி, விளக்கைப் போட்டாயிற்று. வரவேற்பில் இருக்கும் மாலதி கதவைத் திறந்து, "மேடம், ராசிபுரத்துல இருந்து போன். கௌசல்யா டாக்டர் தவறிட்டாங்களாம்" என்றாள். பாதியில் எழுந்திருக்க முடியாது. அந்தப் பெண்ணின் கண்களில் கறுப்புக் கண்ணாடி இருந்ததால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கௌசல்யாவும் நானும் பல் மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பு. ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரி. அந்த ஊர் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல் ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே கறை இறங்கிவிடும். அவளும் வாயைக் கையால் மறைத்துத்தான் சிரிப்பாள். பயிற்சி மருத்துவர்களாக இருந்தபோது அவள் பற்களை நான் வெளுத்துப் பார்த்தேன். பழுப்பு கொஞ்சம் குறைந்தது. நடுவே சுண்ணாம்புத் திட்டுகள் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன. கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். "உன் தப்பில்லடி. இது ஒட்டுனது இல்ல, கூடவே மொளைச்சது" என்றாள். சில மாதங்களில் பழுப்பும் திரும்பி வந்தது.

ராசிபுரத்தில் அவள் கிளினிக் வைத்தபோது, "ஏனுங்க, டாக்டரம்மா பல்லே இப்பிடி இருக்குதே?" என்று வாசலோடு திரும்பியவர்கள் உண்டு. செராமிக் உறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். "எங்கூர்ப் புள்ளைங்க வந்து எம்பல்லைத்தான் முதல்ல பாக்குதுங்க. நானும் மூடிக்கிட்டா அதுங்க யாரைப் பாக்கும்?" என்று கேட்டாள்.

கௌசல்யாவோடு பழகியவர்கள் பலருக்குத் தேவியைத் தெரிந்திருக்கும். அதே ஊர்ப் பெண். பல்லைப் பார்த்தே வரன்கள் தட்டிப்போக, அவள் அம்மா கூட்டி வந்தார். முழுதாக வெளுக்காது, வெளுத்ததும் நிற்காது என்று கௌசல்யா திரும்பத் திரும்பச் சொன்னாள். "கண்ணாலம் முடியற வரைக்கும் நின்னாப் போதுஞ்சாமி" என்று அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கௌசல்யா செய்துவிட்டாள். கல்யாணப் போட்டோவில் தேவி வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

கறை திரும்பியதும், வயிற்றில் குழந்தையோடு அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். புகுந்த வீட்டில் பேசிப் பார்க்கலாம் என்று கௌசல்யா கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். இது நோயில்லை, தண்ணீரால் வந்தது என்று அவள் சொல்வதை மாமியார் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "அதெல்லாஞ் சரிங்க. அப்பறம் எதுக்குங்க வெள்ளையடிச்சு அனுப்புனீங்க?" என்றார். தேவியின் கணவன் கடைசிவரை உள்ளே இருந்து வரவில்லை. அதன் பிறகு கௌசல்யா லேசர் இயந்திரத்தைத் தொடவில்லை.

தண்ணீரை மாற்றினால்தான் உண்டு என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். ஊர்ப் பள்ளியில் ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வந்தது. திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். கொஞ்ச நாளில் பழுதானது. பழுது பார்க்க ஆளில்லை. பிறகு அதைச் சுற்றி உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவிட்டார்கள். பிள்ளைகள் மறுபடி போர்க் குழாய்க்குப் போனார்கள்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோதே கைமீறியிருந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தேன். தைரியம் சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம், நாம ரெண்டு பேரும் டாக்டர்" என்றாள். பிறகு, "பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். அடுத்த செட் புள்ளைங்களுக்கும் பழுப்புப் பல்லே வந்திருச்சுடி" என்றாள்.

அவள் உடல் கிடந்த வீட்டு வாசலில் தேவி என்னிடம் வந்தாள். இப்போது நூல் மில்லில் வேலை செய்கிறாள். கையைப் பிடித்தபடி ஏழு வயது மகள். "டாக்டரம்மாதான் பாப்பாவைப் பாக்கறேன்னு சொல்லியிருந்தாங்க. இனி யாருகிட்டக் காட்டறதுங்க?" என்றாள். அங்கேயே குனிந்து குழந்தையை வாயைத் திறக்கச் சொன்னேன். பால் பல் விழுந்து புதிதாக முளைத்திருந்த முன்பற்களின் குறுக்கே பழுப்புக் கோடு ஓடியிருந்தது. தேவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியவளானதும் பாக்கலாம்" என்றேன்.

கௌசல்யாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். விளக்கைப் போடுமுன், எது போகாது, எது திரும்பி வரும் என்று எதிரே இருப்பவரிடம் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கவனமாகக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கிறார்கள்.