புரட்டாசி நடவும் பதினோராம் விதியும்

1974-ஆம் ஆண்டு மே மாதம் தஞ்சாவூரில் ஒரு மகளிர் கல்லூரி விடுதி வழங்கிய நன்னடத்தைச் சான்றிதழ் இப்படிச் சொல்கிறது: "வை. செவ்வந்தி என்னும் இம்மாணவி இவ்விடுதியில் தங்கியிருந்த மூன்றாண்டுகளிலும் அடக்கமானவராகவும், அதிர்ந்து பேசாதவராகவும், இருக்கும் இடம் தெரியாதவராகவும் விளங்கினார்."

எழுதிய விடுதிக் காப்பாளர் செவ்வந்தியை நன்றாக அறிந்தவர் என்பதுதான் வேடிக்கை. மாடியில் அவள் சிரித்தால் கீழே சமையற்கட்டில் வெங்காயம் நறுக்குகிறவர்கள் காரணம் தெரியாமலே கூடச் சிரிப்பார்கள். குற்றம் அவளுடையதல்ல, தொண்டையுடையது. திருவாரூருக்குக் கிழக்கே அப்பா வைரக்கண்ணுவும் அம்மாவும் கூலிக்குப் போன வயல்களில் வளர்ந்தவள். இரண்டு வயல் தள்ளி நடுகிறவளைக் கேலி செய்வதென்றால் அவ்வளவு சத்தம் தேவைப்பட்டது. அங்கே அது சகஜம். இங்கே விதி மீறல்.

விதிகள் மொத்தம் இருபத்து மூன்று. விடுதிக் காப்பாளர் ஜகதாம்பாள், கணிதப் பேராசிரியை, அத்தனையையும் தாமே எழுதி, பெயிண்டர் பக்கத்தில் நின்று பலகையில் தீட்ட வைத்தவர். மழையில் வேண்டுமென்றே நனையக்கூடாது என்பது ஏழாம் விதி. அந்த 'வேண்டுமென்றே'வுக்காக ஒரு வாரம் யோசித்தாராம். அனுமதிச் சீட்டு இல்லாமல் விடுதி எல்லையைத் தாண்டக்கூடாது, இது நாலாவது. விடுதி எல்லைக்குள் அடுத்த அறைக்குக் கேட்கும்படி சிரிக்கக்கூடாது, இது பதினொன்று. மூன்று முறை எச்சரிக்கை வாங்கினால் அறையைக் காலி செய்ய வேண்டும்.

1972 புரட்டாசிக்குள் செவ்வந்தி இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தாள். ஊரிலிருந்து தினமும் வந்து போகப் பஸ் கிடையாது, தஞ்சாவூரில் உறவு கிடையாது. விடுதி போனால் பி.எஸ்ஸி.யும் போயிற்று. ஆகவே அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு தலையணை கிழிந்தது.

விடுதிக்குப் பின்னால் ஆறு மா நஞ்சை, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். கல்லூரி அறக்கட்டளையின் நிலம். இருபது வருஷமாக முருகையன் குத்தகைக்குச் செய்தார். நடவு அவர் மனைவி அம்சத்தின் பொறுப்பு. அந்த நெல்லைத்தான் விடுதிப் பெண்கள் சாப்பிட்டார்கள், குழைகிறது என்று குறையும் சொன்னார்கள். அப்போது உழுதவனுக்கே நிலம் என்று தஞ்சாவூர்ச் சுவரெல்லாம் எழுதியிருந்தது. ஆளுங்கட்சி எழுதியது, எதிர்த்தவர்கள் எழுதினார்கள், நிலம் வைத்திருந்தவர்களும் மேடையில் அதையே பேசினார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டதால் காரியம் மெதுவாகத்தான் நடந்தது. ஆனாலும் குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை வந்துவிட்டது. பெயர் ஏறினால் முருகையனை அசைக்க முடியாது. ஏறாவிட்டால் அடுத்த போகத்துக்கு அவர் அங்கே இருக்க மாட்டார்.

அறக்கட்டளைச் செயலாளர் சந்தானகிருஷ்ணன் ஒரு மனு கொடுத்தார். குத்தகைதாரர் என்று எவரும் இல்லை, சமூக வாழ்க்கைப் பயிற்சியின் பகுதியாக விடுதி மாணவியரே அந்நிலத்தைப் பயிரிடுகிறார்கள் என்று அதில் கண்டிருந்தது. தாசில்தார் அப்துல் வஹாப் மனுவைப் படித்துவிட்டு, அப்படியானால் வரும் சனிக்கிழமை நடவைப் பார்க்க வருகிறேன் என்று பதில் போட்டார். அவர் நம்பிவிட்டார் என்று செயலாளர் சந்தோஷப்பட்டார்.

முப்பத்திரண்டு பெண்களில் சேற்றில் கால் வைத்தவள் செவ்வந்தி ஒருத்தி. மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. எதற்காக என்று அவளுக்குத் தெரியும். அம்சம் சமையற்கட்டு வாசலில் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். முடியாது என்று சொல்ல இருபத்து மூன்று விதியில் இடமில்லை.

ஒத்திகை பூப்பந்து மைதானத்தில் நடந்தது. நாற்றுக்குப் பதில் சமையற்கட்டிலிருந்து முளைக்கீரைக் கட்டுகள். குனி, இடது கையில் நாற்றுமுடியைப் பிடி, வலது கையால் குத்து, பின்னால் போ என்று செவ்வந்தி சொல்லச் சொல்ல, முப்பத்தோரு பேர் பின்பக்கமாக நகர்ந்து ஒருவர் மேல் ஒருவர் இடித்தார்கள். செயலாளரின் அக்கா மகள் சரசா, செவ்வந்தியின் அறைத்தோழி, நகர்ந்துகொண்டே போய்த் துவைக்கிற தொட்டிக்குள் உட்கார்ந்தாள். அன்று இரவு வரை செவ்வந்தி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு திரிந்தாள்.

அந்த ஒத்திகை நேரம் பார்த்துச் செயலாளர் வந்தார். தாசில்தாருக்குப் பூவரச மரத்தடி வரப்பில் நாற்காலி, பெண்கள் எதிர் வரப்பிலிருந்து அவரை நோக்கி நட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒத்திகைப்படி வந்தால் முப்பத்திரண்டு முதுகுகள், அதுவும் குனிந்தபடி, ஓர் அரசாங்க அதிகாரியின் முகத்துக்கு நேரே வந்து சேரும். செயலாளருக்கு வியர்த்துவிட்டது. எல்லோரும் திரும்பி, முகம் தெரிகிற மாதிரி, முன்னால் பார்த்து நட்டு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

"முன்னால வந்தா நட்டதையே மிதிப்போம்ங்கய்யா" என்றாள் செவ்வந்தி.

"ஏழு தலைமுறையா நடவு பார்த்துண்டிருக்கிற குடும்பம்மா. எனக்குச் சொல்லித் தராதே."

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஏழு தலைமுறையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, குடை பிடித்துக்கொண்டு.

சனிக்கிழமை காலை செயலாளர் முன்னே நடக்க, முப்பத்திரண்டு பேரும் வயலில் இறங்கினார்கள். நட்டார்கள், ஓர் அடி முன்னே வைத்தார்கள். நட்டது காலடியில் போயிற்று. மறுபடி நட்டார்கள், மறுபடி மிதித்தார்கள். செவ்வந்திக்கு மட்டும் நட்ட நாற்றுகளுக்கு நடுவே பார்த்துக் கால் வைக்கத் தெரிந்தது. ஒருத்திக்குச் சேற்றில் கால் சிக்கியது, இழுக்க வந்தவளும் சிக்கினாள், மூன்றாமவள் தாவணியைக் காப்பாற்றப் போய் உட்கார்ந்தே விட்டாள். தாசில்தார் டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வயல் வந்ததும் சரசா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். பின்னால் பரம்படித்துச் சமன் செய்த வெறும் வயல் போலவே சேறு கிடந்தது.

"அடியே செவ்வந்தி, நான் நட்டதெல்லாம் எங்கேடி?"

ஒரு வருஷத்துக்கு மேலாகத் தலையணைக்குள் போனதெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. பூவரச மரத்துக் காக்கைகள் கிளம்பிவிட்டன. சிரிப்பு புது ஆற்றுக் கரை வரை போய், அங்கே துணி துவைத்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தால் நிற்குமா? வயல் முழுக்கச் சிரித்தது. சேற்றில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்க முடியாமல் சிரித்தாள்.

தாசில்தார் செவ்வந்தியைக் கூப்பிட்டார். கரையேறி வந்தவளின் முழங்கால் வரை சேறு. ஒரு பக்கம் செயலாளர், இன்னொரு பக்கம் காப்பாளர். தகரப் பெட்டியில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று அவள் அப்போதே கணக்குப் போட்டுவிட்டாளாம்.

"நீ மட்டும்தான்மா கை வச்ச இடத்துல நாத்து நிக்குது" என்றார் தாசில்தார். "இந்த வயல்ல வழக்கமா யாரு நடுறது?"

"அம்சம் அக்காங்க. உழவு முருகையன் அண்ணன். நான் வந்ததுலேருந்து அவங்கதான். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாதுங்கய்யா, அவங்களையே கேளுங்க."

அவர் கேட்டார். பக்கத்து வயல்காரர்கள் இருவரையும் கேட்டார். பிறகு பதிவேட்டில் முருகையன் பெயரை எழுதி, ஆறிய டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் விடுதி அலுவலகத்தில் செயலாளர் மூன்றாவது எச்சரிக்கையை எழுதச் சொன்னார். செவ்வந்தி கதவோரம் நின்றாள். ஜகதாம்பாள் பேனாவைத் திறந்தார். விதி தப்பாகப் பிரயோகமாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது, கணக்கில் வழி தப்பினால் வருகிற அதே எரிச்சல்.

"பதினோராம் விதியிலே 'விடுதி எல்லைக்குள்'னு இருக்கு" என்றார். "குத்தகையிலே இருக்கிற நிலம் விடுதி எல்லை ஆகாது. குத்தகை இருக்குன்னு தாசில்தார் எழுதிட்டார். அவ வெளியிலே சிரிச்சிருக்கா."

"அப்போ வெளியே போனதுக்கு எழுதுங்கோ. நாலாம் விதி."

"எழுதலாம். முப்பத்திரண்டு பேருக்கும் எழுதணும், யார்கிட்டயும் சீட்டு இல்லை. சரசாவிலேருந்து ஆரம்பிக்கட்டுமா? கூட்டிண்டு போனவர்னு உங்க பேரையும் போடணும்."

செயலாளர் மின்விசிறியை இன்னும் வேகமாக வைக்கச் சொன்னார். பிறகு காபி வருமா என்று கேட்டார். ஜகதாம்பாள் பேனாவை மூடினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனாள். அம்சத்தோடும் அவள் கூட்டி வந்த நடவு ஆட்களோடும் சேர்ந்து, மிதிபட்ட இடம் முழுவதையும் மதியத்துக்குள் மறுபடி நட்டாள்.