மோட்டார் கொட்டாயில் கிடந்த பாதி பாட்டில்

என் கஞ்சத்தனத்தை நானே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்வராயன் மலையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் முன், காரில் பிரேக் ஆயில் குறைந்திருந்தது. வயலில் இருக்கும் மோட்டார் கொட்டாயில் இரண்டு வருஷமாக மூடி சரியாக மூடாமல் அதே ஆயில் பாதி பாட்டில் கிடந்தது. வீணாக்குவானேன் என்று அதையே ஊற்றினேன். மனைவியிடம், ஒர்க்‌ஷாப்பில் புதுசு மாற்றியதாகச் சொல்லிவிட்டேன்.

திரும்பி இறங்கும்போது, வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பாறையில் உரசித்தான் நிறுத்தினேன். பாறை இடித்து, மனைவி பக்கக் கதவு திறக்கவில்லை.

பின்னால் வந்த ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்தார். "பழைய ஆயில் ஈரத்த இழுத்துக்கும்ங்க. சூட்டுல கொதிச்சா பிரேக் புடிக்காது. எப்ப மாத்துனீங்க?"

"போன வாரந்தாங்க மாத்துனாரு," என்றாள் அவள், எனக்குப் பரிந்து.

"புதுசுன்னா பயமில்ல. ஆறுனதும் மெதுவா எறங்குங்க."

கொஞ்ச நேரத்தில் பெடல் திரும்ப வந்தது. "போலாங்க," என்றாள். எனக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. பழைய ஆயிலை ஊற்றியதைச் சொல்லிவிட்டேன்.

"வழி வுடுங்க," என்றாள். என் பக்கமாக இறங்கி, பின்னால் காத்திருந்த ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

கதவு திறக்காத அந்த சீட்டில் அவ்வளவு நேரம் அவள் பயப்படாமல் உட்கார்ந்திருந்தது, நான் மாற்றவே மாற்றாத அந்தப் புது ஆயிலை நம்பித்தான்.