முதுகுக்கடியில் ஒரு வட்டம்

இராஜபாளையத்தில் நான் தைத்ததெல்லாம் நேர்கோடு. பேண்டேஜ் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வரும் துணிக்கு ஓரம் அடித்துக் கொடுப்பேன். துணி போகும், ஊசி போகும், மனம் வேறெங்கோ போகும். எந்த ஊரிலோ எவர் காயத்துக்கோ போய்ச் சேரும் கோடுகள். வட்டம் கேட்டது என் வீட்டுக் காயம்தான்.

வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். பக்கவாதம் வந்து இடது பாதியை எடுத்துக்கொண்ட பின், கட்டிலிலும் அட்டென்ஷனில்தான் கிடந்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்தால், நான் அடுப்படிக்குப் போய்த் திரும்புமுன் மல்லாந்திருப்பார். முதுகெலும்பு முடியும் இடம் முதலில் சிவந்தது, பிறகு தோல் வழன்றது. படுக்கைப் புண்.

"ஆளத் திருப்பிப் போட்டுக்கிட்டே இருங்கக்கா" என்றாள் கட்டு மாற்ற வரும் நர்ஸ். "அடியில ஒரு மடிப்புகூட இருக்கக் கூடாது. மடிப்பு பட்டா புண்ணு உள்ள எறங்கிரும்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. இறங்கக் கூடாது. அவருக்கடியில் மடிப்பே இல்லாத ஓர் இடம் வேண்டும், சோற்றுத் தட்டளவுக்காவது.

பழைய நூல்சேலைகளை அடுக்கி விரிப்புத் தைத்தேன். நடுவில் ஒரு சதுரத்தை வெட்டியெடுத்து, அங்கே பேண்டேஜ் துணியைப் பல அடுக்காக வைத்து மூட்டினேன். படுத்துப் பார்த்தவர், "நாலு மூலைலயும் கல்லு வச்சுத் தச்சிருக்கியாட்டி?" என்றார். மூலை இருக்கிற எதுவும் குத்தும். அப்போதுதான் வட்டம் என்று தோன்றியது. தோன்றியதே தவிரக் கை வரவில்லை. செல்போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே வட்டம் தைத்தாள். நான் தைத்தது சுருங்கிச் சுருங்கி, வாடிய பூசணிப்பூப் போல வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவருடைய அக்கா, என் மதினி, வந்தாள். அவளுக்கு வட்டம் சோறு மாதிரி. தேரில் குழல் குழலாகத் துணி தொங்குமே, தொம்பை, அதை ஊர் ஊருக்குத் தைத்துக் கொடுக்கிற வீடு அவளுடையது. தாமரையும் சக்கரமும் வெட்டி ஒட்டித் தைத்த கை.

"என்னலே, எந்திரிக்கிற உத்தேசமே இல்லியா?"

"தொம்ப தைக்க வந்தியாக்கும். வடம் புடிக்க ஆளு கூட்டியாந்தியா?"

"ஏலே, தேராவது வருசத்துக்கு ஒருக்க நகரும். நீ அதுக்கும் மாட்டேங்கே." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கே மதினி தைத்து முடித்தாள். அட்டையில் வட்டம் வெட்டி, துணி ஓரத்தை அதன்மேல் மடக்கித் தேய்த்து, அட்டையை உருவிவிட்டு, விரிப்பின் மேல் வைத்து இரண்டு சுற்றுத் தையல். சுருக்கமே இல்லை. குளத்தில் நிலா விழுந்த மாதிரி இருந்தது. அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் புரட்டிப் பார்த்தோம். புண்ணைச் சுற்றி அவர் முதுகில் இன்னொரு வட்டம், சிவப்பாக, ஒவ்வொரு தையலும் பதிந்து, ஊசி இறங்கிய புள்ளிகள்கூடத் தெரியும்படி.

மதினி அதை விரலால் தொடப் போய், தொடாமல் நின்றாள். "காத்துல கிழியக் கூடாதுன்னு தேருக்குப் போடுற தையலப் போட்டுட்டேனேட்டி. இங்க ஏது காத்து?"

தேர்த்துணி கண்ணுக்கு. முதுகுக்குக் கண் இல்லை. அது தடவித்தான் பார்க்கும், இரவு முழுக்க, தன் முழுக் கனத்தோடு.

மறுபடி உட்கார்ந்தோம். இம்முறை மேலே ஒட்டவில்லை, உள்ளே பதித்தோம். வட்டத்தைவிடத் துளையைச் சிறிதாக வெட்டினோம், தையலுக்கு உள்வாங்கத் துணி வேண்டுமே. துளையின் ஓரமெங்கும் கத்தரி நுனியால் சின்னச் சின்ன வெட்டு, தையல் ஓடப்போகும் கோட்டைத் தொடாமல். அப்போதுதான் ஓரம் விரிந்து கொடுக்கும். இரண்டையும் நான்காக மடித்துக் குறி வைத்து, குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி. வட்டம் அடியில், துளைத்துணி மேலே.

"இழுக்காதட்டி. இழுத்தா கிண்ணமாக் குழிஞ்சு போயிரும். துணி தானா வரட்டும்."

"வரமாட்டேங்குதே மதினி."

"சின்ன வட்டம்லா? சின்னதுதான் முரண்டு புடிக்கும். பெருசுன்னா வளைவே தெரியாது, சும்மா நேராப் போற மாதிரிப் போயிரும்."

மிஷின் சக்கரத்தைக் கையால் உருட்டினேன். ஒரு குத்து. ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தி, துணியை அமுக்கும் மிஷின் பாதத்தைத் தூக்கி, ஒரு மயிரளவு திருப்பி, இன்னொரு குத்து. ஒரே சுற்று. மடிப்பையெல்லாம் வட்டத்துக்கு வெளியே திருப்பி, வெந்நீர் ஊற்றிய செம்பின் அடியால் தேய்த்துத் தேய்த்து அமர்த்தினோம். கண்ணை மூடித் தடவினேன். எங்கே தொடங்குகிறது வட்டம் என்று என் விரலுக்குத் தெரியவில்லை.

இரண்டொரு நாளில் அவர் சொன்னார்: "இப்ப ஒண்ணும் உறுத்தலட்டி."

மதினி எழுந்து கும்பிட்டாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். உடனே காபி போட்டேன், சர்க்கரை அதிகமாகவே. பஸ் ஏறுமுன் அவள் தம்பியின் காதருகே குனிந்து, "தேர் நெலைக்கு வந்துட்டுலே" என்றாள். அவர் வலது பக்கம் மட்டும் சிரித்தார்.

அடுத்த முறை வந்த நர்ஸிடம் விரிப்பைக் காட்டினேன். நல்லாருக்குக்கா என்று தடவிப் பார்த்தாள். பிறகு கட்டைப் பிரித்தாள். வாடை வந்தது. சிவப்பாக இருந்த இடம் இப்போது கறுத்திருந்தது. இடுக்கி நுனியால் மெல்ல அமுக்கினாள்.

"ஐயா, இங்க தெரியுதா?"

"எங்க?"

இன்னும் கொஞ்சம் அமுக்கினாள். "இப்ப?"

"தொடும்மா. தொட்டாத்தான சொல்லுவேன்."

அவள் என்னைப் பார்த்தாள். வாசலுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்: "உறுத்தலன்னு சொன்னாருல்லக்கா, அந்த எடத்துல சதை செத்துப்போச்சு. உசுரு இருந்தாத்தான் உறுத்தும். பெரியாஸ்பத்திரிக்குக் காட்டிருங்க. அதுவரைக்கும் அடியில மெத்துனு இருக்கட்டும். இந்த வட்டம் பத்தாது."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. தையலைப் பிரித்தேன். அடுப்படியிலிருந்து சோற்றுத் தட்டுக்குப் பதிலாக முறத்தளவு தாம்பாளத்தை எடுத்துவந்து கவிழ்த்துக் கோடு போட்டேன். வெட்டினேன், குறி வைத்தேன், குண்டூசி குத்தினேன். மதினி சொன்னது சரிதான். பெரிய வட்டம் முரண்டு பிடிக்கவில்லை. ஒரு சுருக்கம் இல்லை, ஓரிடத்திலும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. பேண்டேஜ் ஓரம் அடிப்பது போல நேராகப் போய்க்கொண்டே இருந்தது ஊசி.

உள்ளேயிருந்து அவர் கேட்டார்: "என்னட்டி, மிஷின் இம்புட்டு வேகமா ஓடுது?"